ஊர்க் கச்சேரியின் இடம்: தமிழிசை இயக்கத்தில் சிதம்பரம் இழந்தது

1. கேள்வி

1941 ஆகஸ்டில் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு முதலிடம் வேண்டும் என்ற குரல் தமிழ்நாடெங்கும் கேட்டது அதற்குப் பிறகுதான். இரண்டே ஆண்டில், 1943-இல், அந்தக் குரலுக்கு ஓர் அமைப்பு கிடைத்தது. அதன் பெயர் தமிழ் இசைச் சங்கம். அது அமைந்த இடம் சென்னை. அதன் ஆண்டு விழாவும் சென்னையிலேயே வேர்பிடித்தது. இன்று கடலூர், சிதம்பரம் என்றதும் நினைவுக்கு வருபவை ஆருத்ரா தரிசனமும் தேரும் நாட்டியாஞ்சலியும்தான். ஊர் மக்கள் வருடந்தோறும் எதிர்பார்த்துக் காத்திருந்து, தங்களுடையது என்று உரிமையோடு சொல்லும் கச்சேரிப் பருவம் அந்த வரிசையில் வருவதில்லை.

எந்த மொழியில் பாடுவது என்ற கேள்வியில் தமிழிசை இயக்கம் பெருமளவு வென்றது. எங்கே பாடுவது, யார் அருகில் உட்கார்ந்து கேட்பது என்ற கேள்வியை அது போதிய அழுத்தத்தோடு எழுப்பவில்லை. இந்த இரண்டாவது கேள்வியைச் சிதம்பரத்திலிருந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. இதுவரை எழுதப்பட்டவை

தமிழிசை இயக்கத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மொழி அரசியலின் வழியாகவே அதை அணுகியுள்ளன. கே. நம்பி ஆரூரன் 1980-இல் வெளிவந்த தம் நூலில் அதைத் தமிழ் மறுமலர்ச்சி, திராவிட தேசியம் ஆகியவற்றின் வரலாற்றுக்குள் வைத்துப் பேசினார். லட்சுமி சுப்பிரமணியன் 2006-இல் தஞ்சை அரசவையிலிருந்து சென்னை மியூசிக் அகாடமி வரையிலான பயணத்தை எழுதியபோது, அகாடமி வகுத்த ‘சாஸ்திரிய’ இலக்கணத்துக்கு எதிர்வினையாக இவ்வியக்கத்தைக் கண்டார். அதே ஆண்டில் வெளிவந்த அமாண்டா வைட்மனின் நூல் குரல், தாய்மொழி, பாடுகிறவரின் அடையாளம் ஆகியவற்றுக்கு இடையிலான உறவை ஆராய்ந்தது.

மூன்றும் முக்கியமான ஆய்வுகள். ஆயினும் அவற்றில் அண்ணாமலை நகர் மாநாடு நடந்த இடமாக வந்துவிட்டுப் போகிறது. அதன் பிறகு கதை சென்னைக்கு நகர்ந்துவிடுகிறது. வாதிகளும் எதிர்வாதிகளும், மியூசிக் அகாடமியும், கல்கி போன்ற எழுத்தாளர்களும், பத்திரிகைகளும் இருந்த நகரம் அதுதான் என்பதால் இது இயல்பே. ஆனால் அந்த நகர்வே ஒரு வரலாற்று நிகழ்வு. அதனால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்று தனியே கேட்க வேண்டியிருக்கிறது.

3. பாட்டு மண்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா அண்ணாமலைச் செட்டியார் வெற்று மண்ணில் வந்து இசைக் கல்லூரி தொடங்கவில்லை. இன்றைய கடலூர் மாவட்ட எல்லைக்குள் தமிழ்ப் பாட்டு வரலாற்றின் பல திருப்பங்கள் நடந்திருக்கின்றன. அப்பர் பிறந்த திருவாமூரும், அவர் சைவத்துக்குத் திரும்பிய திருவதிகையும் பண்ருட்டி அருகில் இருக்கின்றன. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அவர் கரையேறியதாக மரபு சொல்லும் திருப்பாதிரிப்புலியூர் இன்றைய கடலூர் நகரத்தின் ஒரு பகுதி. நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்து இசையோடு ஓதும் முறையை ஏற்படுத்திய நாதமுனிகளின் ஊர் காட்டுமன்னார்கோயில். வடலூரில் வள்ளலார் 1872-இல் அமைத்த சத்திய ஞான சபையில் இன்றும் அருட்பா பாடப்படுகிறது.

இவற்றுள் ஒரு செய்தி தனித்துச் சொல்லத்தக்கது. திருமுறை கண்ட புராணம் கூறும் கதை இது: நம்பியாண்டார் நம்பியின் துணையோடு இராசராச சோழன் தில்லையில் தேவார ஏடுகளைக் கண்டெடுத்த பிறகும், பாடலுக்குப் பண் தெரியவில்லை. அதற்காக அவர்கள் நாடிச் சென்றது எருக்கத்தம்புலியூருக்கு. அங்கே திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண் பண்களை வகுத்துக் கொடுத்தார். எருக்கத்தம்புலியூர் என்பது விருத்தாசலம் வட்டாரத்தில் உள்ள இன்றைய இராசேந்திரப்பட்டினம். இக்கதையை வரலாறாகக் கொள்வதா, புராணமாகக் கொள்வதா என்பது வேறு விவாதம். ஏடு கோயில் அறைக்குள் பூட்டிக் கிடக்க, இசை ஒரு சிற்றூர்ப் பெண்ணின் நினைவில் உயிரோடு இருந்தது என்று மரபே ஒப்புக்கொள்கிறது. நம் கேள்விக்கு அதுவே பெரிய சான்று.

கீர்த்தனை வடிவத்துக்கும் இந்த வட்டாரமே முன்னோடி. சீர்காழி முத்துத்தாண்டவர் பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அமைப்பில் தில்லை நடராசரைப் பாடியது திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு வெகு காலம் முன்பு. நாள்தோறும் சிதம்பரம் வந்து, சந்நிதியில் காதில் விழும் முதற்சொல்லையே அடியாகக் கொண்டு அவர் பாடினார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. அருணாசலக் கவிராயரும் சீர்காழியில் வாழ்ந்தவர். மாரிமுத்தாப் பிள்ளை சிதம்பரத்தை அடுத்த தில்லைவிடங்கனைச் சேர்ந்தவர். தமிழிசை மூவர் என்று நாம் போற்றுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கூப்பிடு தூரத்து ஊர்க்காரர்கள்.

4. 1929 முதல் 1943 வரை

1920-இல் மீனாட்சி கல்லூரி, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், அதே 1929-இல் இசைக் கல்லூரி. பல்கலைக்கழக வளாகத்துக்குள் கர்நாடக சங்கீதத்தை முறையான படிப்பாக வைத்த முன்னோடி முயற்சிகளுள் இது ஒன்று. மகா வைத்தியநாத ஐயரின் சீடர் சபேச ஐயரும், டைகர் வரதாச்சாரியாரும், தஞ்சாவூர் நால்வர் வழியில் வந்த பொன்னையா பிள்ளையும் அங்கே கற்பித்தார்கள். பின்னாளில் எம். எம். தண்டபாணி தேசிகர் இசைத்துறையை நடத்தினார். ‘சங்கீதபூஷணம்’ பட்டம் பெற்று வெளியேறியவர்களில் இசையறிஞர் எஸ். இராமநாதனும் வீணைக் கலைஞர் கே. எஸ். நாராயணசுவாமியும் உண்டு. தமிழ்த்துறையின் முதல் பேராசிரியராக 1931-இல் வந்த விபுலானந்த அடிகள், பண்டைத் தமிழ் இசைக் கருவிகளை ஆராய்ந்து 1947-இல் ‘யாழ் நூல்’ வெளியிட்டார்.

ஒரு சிறு நகரத்தில் இத்தனை வித்துவான்கள் சம்பளம் பெற்றுக் குடியிருந்ததை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. வித்துவான் வெளியூர்க் கச்சேரிக்கு வந்துவிட்டு இரவு ரயிலில் திரும்பிப் போகிறவராக இல்லாமல், அதே தெருவில் காய்கறி வாங்குகிறவராக இருந்தார். கேட்கிறவரும் பாடுகிறவரும் ஒரே ஊர்க்காரர் என்ற நிலைமை இசைக்கு வாய்ப்பது அரிது.

1941 மாநாட்டின் முறையீடு கச்சேரியின் அமைப்பைப் பற்றியது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய பத்ததியில் வர்ணம், கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி ஆகியவை முடிந்த பிறகு, கடைசியில் துக்கடாவாகவே தமிழ்ப் பாட்டு வந்தது. இதை மாற்ற வேண்டும் என்றது மாநாடு. மொழியை முன்னிறுத்தினால் இசையின் தரம் கெடும் என்று மியூசிக் அகாடமி தரப்பு பதில் சொன்னது. பிறகு நடந்தவை அறிந்தவையே: சென்னையில் சங்கம், 1949 முதல் பண் ஆராய்ச்சி மாநாடுகள், 1952-இல் எஸ்பிளனேடில் எழுந்த இராஜா அண்ணாமலை மன்றம். தமிழ்க் கீர்த்தனைகளைச் சுரக்குறிப்போடு தொகுதி தொகுதியாக அச்சிடும் வேலையைப் பல்கலைக்கழகம் 1940-களிலேயே எடுத்துக்கொண்டது. முத்துத்தாண்டவர் பாடல்கள் பலவற்றின் பழைய மெட்டு மறைந்துபோயிருந்ததால் புதிதாக மெட்டமைக்கவும் வேண்டியிருந்தது.

சென்னைக்குப் போனது தவறா? அப்படிச் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு சென்னையில் இருந்தது. அங்கே போய் மன்றம் கட்டாமல் வென்றிருக்க முடியாது. ஆனால் அந்தப் போட்டியில் தமிழ் இசைச் சங்கம் அகாடமியின் பாட்டுப் பட்டியலைத்தான் எதிர்த்தது. பெரிய அரங்கு, டிசம்பர் மாதம், வெளியூர் நட்சத்திர வித்துவான், தலைமை உரை, பட்டம் என்ற விழா அமைப்பை அப்படியே ஏற்றுக்கொண்டது. டிசம்பர் சீசன் என்பதே சென்னைக்கு உரிய ஏற்பாடு. 1927 டிசம்பரில் அங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடிய இசை மாநாட்டிலிருந்தே மியூசிக் அகாடமி பிறந்தது. விடுமுறைக் காலம் அந்த மாதத்தை நிலைக்கச் செய்தது. சிதம்பரத்தின் பருவம் வேறு என்பதை அங்கே யாரும் எண்ணவில்லை.

5. சொல்லில்லாத இசை

மொழி வாதத்தின் வரம்பு நாகசுரத்தில்தான் தெளிவாகத் தெரிகிறது. சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என இரண்டு பத்து நாள் திருவிழாக்கள். ஒன்பதாம் நாள் தேர். அன்றிரவு நடராசரும் சிவகாமியம்மையும் ஆயிரங்கால் மண்டபமான இராச சபையில் தங்குகிறார்கள். பத்தாம் நாள் விடியற்காலையில் அபிடேகம், பிறகு தரிசனம். சுவாமி புறப்படும்போது ஒலிப்பது மல்லாரி. பெரும்பாலும் கம்பீரநாட்டையில் அமைந்த அந்த உருப்படிக்குச் சாகித்தியமே கிடையாது. தவிலின் தத்தகாரத்தோடு முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று ஏறி இறங்கும் சுரக் கோவை அது. தேரடியில் நிற்கிறவர் யாராயிருந்தாலும், டிக்கெட் இல்லாமல், அழைப்பிதழ் இல்லாமல் காதாரக் கேட்கலாம்.

இந்த ஊரின் ஆகப் பொதுவான சாஸ்திரிய இசை எந்த மொழியிலும் இல்லை. தமிழா தெலுங்கா என்ற வழக்கில் பெரிய மேளக்காரருக்கு வாதியாகவோ பிரதிவாதியாகவோ இடமிருக்கவில்லை. கச்சேரி மேடையில் பாடகருக்குக் கிடைத்த மதிப்பு அவருக்குக் கிடைத்ததா, ஊர் அவரை எப்படிக் காப்பாற்றியது என்ற கேள்விகளும் அந்த வழக்கின் விசாரணைக்கு வரவில்லை. டி. என். ராஜரத்தினம் பிள்ளை போன்றோர் தம் மேதைமையாலும் பிடிவாதத்தாலும் மேடையேறி உட்கார்ந்து வாசிக்கும் உரிமையைப் பெற்றார்கள். இயக்கம் அதை முன்னின்று பெற்றுத்தரவில்லை. இதை நான் தமிழிசை இயக்கத்தின் பெரிய குறையாகவே கருதுகிறேன்.

6. அறையும் அரங்கும்

மேற்கில் அறையிசை என்று ஒரு வகை உண்டு. மூவர், நால்வர், ஐவர் சேர்ந்து, நடத்துநர் இல்லாமல், ஒருவரை ஒருவர் கேட்டபடி வாசிப்பது. பிரபுக்களின் மாளிகைக்குள் இருந்த அது பொது அரங்குக்கு வந்தபோது இசையே மாறியது. 1790-களில் லண்டன் அரங்குகளை மனத்தில் வைத்து ஹைடன் எழுதிய நால்வர் இசையில் தொடக்கங்கள் உரத்து ஒலிக்கின்றன. அதே லண்டனில் 1887-இல் தொடங்கிய ‘சவுத் பிளேஸ்’ ஞாயிறு கச்சேரிகள் எதிர்த்திசையில் சென்றன. அறையிசையைச் சாதாரண மக்கள் கேட்க வேண்டும் என்பதற்காக, ஒரு சங்கத்தின் உறுப்பினர்கள் தட்டேந்தி வசூலித்து நடத்திய தொடர் அது. 1929-இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்த அதே ஆண்டில், கான்வே ஹாலுக்குக் குடிபெயர்ந்து இன்றும் நடக்கிறது.

நம் கச்சேரியும் அடிப்படையில் அறையிசையே. பாடகர், வயலின், மிருதங்கம், ஒரு தம்புரா. வேண்டுமானால் கஞ்சிராவோ கடமோ. கச்சேரிக்கு முன்னால் மிருதங்கக்காரர் தொப்பியில் ஈர ரவையைப் பிசைந்து அப்பி, வலந்தலையைத் தம்புராவின் சட்சத்தோடு சேர்ப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: ரவையைச் சிறிது கூட்டினால் குமுக்கி இறங்குகிறது, சிறிது வழித்தால் கலைகிறது. அந்த நாதம் பத்தடி, இருபதடி தூரத்துக் காதுகளுக்காகச் சேர்க்கப்பட்டது. ஒலிபெருக்கி வந்தபின் அது மைக்குக்காகச் சேர்க்கப்படுகிறது. தொப்பி வீங்கிக் குமுறுகிறது, பாடகரின் சன்னமான பிருகா அதற்கடியில் புதைகிறது. தம்புராவின் இடத்தில் ஒரு சிறு மின்பெட்டி. ஒலிபெருக்கியால் ஆயிரம் பேர் கேட்க முடிந்தது, அது நன்மைதான். ஆனால் முப்பது பேர் கேட்கிற சிறு கூடத்திலும் அதே கருவியை அதே சத்தத்தில் வைப்பது வெறும் பழக்கம். அதற்கு இசைக் காரணம் ஒன்றும் கிடையாது.

சிற்றூர்க் கேட்போருக்கு நெருக்கமான கச்சேரியைக் கொஞ்ச காலம் தந்தது வானொலி என்றால் மிகையாகாது. திருச்சி நிலையம் 1939-இலும், கடலூருக்குப் பக்கத்துப் புதுச்சேரி நிலையம் 1967-இலும் ஒலிபரப்பைத் தொடங்கின. ஆரவாரமில்லாத நிலையக் கூடத்தில் மூவர் வாசித்ததை வீட்டுத் திண்ணையில் கேட்டுச் சங்கீதம் பழகியவர்கள் இரண்டு தலைமுறை.

7. நாட்டியாஞ்சலியும் நெருக்கத்தின் வேலியும்

சிறு நகரத்தால் ஒரு கலைப் பருவத்தைத் தாங்க முடியாது என்ற வாதத்துக்குச் சிதம்பரமே மறுப்பு. 1981-இல் மகா சிவராத்திரியையொட்டித் தொடங்கிய நாட்டியாஞ்சலி நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. ஊர்க்காரர்கள் அமைத்த அறக்கட்டளை நடத்த, உலகெங்கிலுமிருந்து ஆடற்கலைஞர்கள் தேடி வருகிறார்கள். 2014 சனவரியில் கோயில் நிருவாகம் பொதுத் தீட்சிதர்களுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், கோயிலுக்குள் ஒரு விழாவும் வெளியே அறக்கட்டளையின் விழாவும் என்று பிரிந்தது. பிரிந்தும் இரண்டும் நிலைத்தன. ஊருக்கு ஆர்வமோ ஆளோ குறைவில்லை.

ஆனால் நெருக்கம் என்பதை வெறும் அழகியல் இன்பமாகப் பேசுவது நேர்மையாகாது. பாட்டின் அருகில் யார் நிற்கலாம் என்பது இந்த ஊரில் சாதியோடும் உரிமையோடும் பின்னிய கேள்வி. நந்தனார் கதையைக் கோபாலகிருஷ்ண பாரதி கீர்த்தனைகளாகப் பாடி, அது ஊர்தோறும் காலட்சேபமாகப் பரவியதன் வலிமையும் அதுதான். அரசாணை வந்த பிறகே, 2008 மார்ச்சில், காவல்துறைப் பாதுகாப்போடு, ஓதுவார் ஆறுமுகசாமி சிற்றம்பல மேடையில் நின்று தேவாரம் பாட முடிந்தது. தேவாரம் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அதே கோயிலில் இது நடந்தது. சின்ன அறை, சில பேர், நல்ல இசை என்று ஒரு தொடர் தொடங்கி, அந்தச் சில பேர் என்றும் அதே சில பேராகவே இருந்துவிட்டால், பழைய வேலிக்குப் புது வண்ணம் அடித்ததாகவே ஆகும். எனவே ஊர்க் கச்சேரிக்கு ஏற்ற இடம் கோயிலும் ஆகாது, தனியார் வீட்டுக் கூடமும் ஆகாது. யாரும் தயங்காமல் நுழையும் பள்ளிக்கூட அறை, நூலகம், நகராட்சி மண்டபம் போன்றவையே பொருந்தும்.

8. கடலூருக்கு ஒரு பருவம்

அந்தப் பருவம் மார்கழியில் வர வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடற்கரை மழைக்கும் புயலுக்கும் அஞ்சியே கழிகிறது. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரையேறியது மார்கழி நடுவில்தான். வீராணம் பாசனத்தில் சம்பா அறுவடையாகிக் கையில் நாலு காசு புரள்வது தையில். அதிலிருந்து ஆனி வரை இந்த மாவட்டத்தின் நாட்காட்டி தானே ஒரு பருவத்தை வகுத்து வைத்திருக்கிறது: தைப்பூசத்துக்கு வடலூர், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை, அதே மகத்தில் ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக்கு எழுந்தருள, அங்கே தர்கா சார்பில் அவருக்கு மரியாதை செய்யப்படுகிறது, சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி, ஆனியில் திருமஞ்சனம். மக்கள் எப்படியும் கூடுகிற நாள்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் முன்தின மாலை ஒரு சிறு கச்சேரி என்பது புதுச் செலவு அதிகமில்லாத ஏற்பாடு.

வாசிக்கவும் பாடவும் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் இசைத்துறை இருக்கிறது. 2013 முதல் அப்பல்கலைக்கழகம் அரசின் பொறுப்பில் இருப்பதால் பொதுமக்களுக்கு அதன்மீது உரிமையும் கூடியிருக்கிறது. கடலூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி குரலிசை, வயலின், மிருதங்கத்தோடு நாகசுரம், தவில், தேவாரமும் கற்பிக்கிறது. இந்த மாணவர்கள் படிப்பு முடிந்ததும் தங்கள் ஊரிலேயே முப்பது பேர் முன்னிலையில் ஒலிபெருக்கி இல்லாமல் பாடிப் பழக ஒரு மேடை வேண்டும். நாகசுர மாணவருக்கு அதே தொடரில் கூடத்துக்கு வெளியே, முற்றத்தில், முழு நேரக் கச்சேரியாக இடம் வேண்டும். கூட்டம் சேர்வதற்கான முன்வாசிப்பாக அதைச் சுருக்கக் கூடாது. கலைஞருக்குச் சன்மானம் கட்டாயம் வேண்டும். ஊர்ப்பிள்ளைதானே என்று வெறும் பொன்னாடையோடு அனுப்புகிற வழக்கத்தால்தான் பல இசைக் குடும்பங்கள் வேறு பிழைப்புக்குப் போயின.

இரண்டு நிறுவனங்களின் பொறுப்பாளர்களும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்தால், வரும் தையிலேயே முதல் கச்சேரியை நடத்திவிடலாம். முத்துத்தாண்டவரிலும் மாரிமுத்தாப் பிள்ளையிலும் தொடங்குங்கள். சுரக்குறிப்போடு அவர்கள் கீர்த்தனைகளை அண்ணாமலைப் பல்கலைக்கழகமே அச்சிட்டிருக்கிறது.